மலை ஊரில் மானிட்டர்: எது குறை, எது குளிர்

ஊட்டியில் ஜனவரி மாதம் காலை ஏழு மணிக்குப் போட்டுப் பார்த்தால் நல்ல மானிட்டரும் கெட்ட மானிட்டராகத்தான் தெரியும். பக்கத்தை உருட்டினால் எழுத்துக்குப் பின்னால் வால் இழுக்கும். மவுஸ் அம்பு நிழல் விட்டுக்கொண்டே ஓடும். அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள், அந்த வால் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். திரைக்குள் இருக்கும் திரவப் படிகம் குளிரில் கெட்டிப்பட்டு மெதுவாகத் திரும்புகிறது, அவ்வளவுதான். குளிர்காலத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைத்துவிட்டுத்தானே தலைக்கு எடுக்கிறோம்!

கடையில் நிலைமை நேர் எதிர். தலைக்கு மேல் நாலு ட்யூப்லைட் எரிய, கண்ணைப் பறிக்கும் வீடியோ ஓட, நிஜமான குறை ஒன்றுகூட வெளியே வராது. ஆகவே தரம் பார்க்க ஏற்ற இடம் உங்கள் வீட்டு அறை, ஏற்ற நேரம் இரவு, அதுவும் திரை சூடேறிய பிறகு. திருப்பிக் கொடுக்கும் கெடு கடைக்குக் கடை மாறும். சில இடங்களில் ஒரு வாரம்கூடக் கிடைக்காது. கீழே சொல்லும் திரைச் சோதனைகளையெல்லாம் ஒரே ராத்திரியில் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

பணம் கட்டும் முன்

முதலில் அளவும் பிக்சல் எண்ணிக்கையும். 24 அங்குலத்தில் 1920க்கு 1080 என்றால் ஒரு அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல் வரும். தமிழ் எழுத்துக்கு இது போதும். அதே 1920க்கு 1080ஐ 27 அங்குலத்தில் நீட்டினால் 82 பிக்சலுக்கு இறங்கிவிடும். 'ஞ', 'ணு', 'ழு' போன்ற சுழி நிறைந்த எழுத்துகளின் வளைவில் படிக்கட்டு தெரிய ஆரம்பிக்கும். எக்செல்லும் தட்டச்சும் பிழைப்பாக இருப்பவர் 27 அங்குலத்துக்குப் போனால் 2560க்கு 1440 இருப்பதை எடுப்பதே நல்லது. அதில் 109 பிக்சல். படம் பார்க்க மட்டும் என்றால் இந்தக் கவலை வேண்டாம்.

அடுத்தது பேனல் வகை, அதாவது படம் காட்டும் திரைத் தகடு எந்த வகை என்பது. ஐபிஎஸ் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது, ஆனால் கருப்பு முழுக் கருப்பாக இருக்காது; அதன் கான்ட்ராஸ்ட் (வெள்ளை கருப்பைவிட எத்தனை மடங்கு வெளிச்சம் என்ற கணக்கு) 1000க்கு 1 அளவில் நிற்கும். விஏ பேனலில் அது 3000க்கு 1 வரை போகும், இருட்டறையில் படம் பார்க்க அருமை. ஆனால் கருப்பிலிருந்து கரும்சாம்பலுக்கு மாறுவதில் விஏ இயல்பிலேயே சோம்பேறி, குளிரில் அந்தச் சோம்பல் இன்னும் கூடும். கருப்புப் பின்னணியில் வேலை பார்க்கிறவர், அறையில் ஹீட்டர் போடாதவர், விஏ பக்கம் போகாமல் இருப்பது உத்தமம். டிஎன் பேனல் விலை குறைவு. கொஞ்சம் எழுந்து நின்று பார்த்தாலே நிறம் கவிழ்ந்துவிடும். பில் போடவும் டிக்கெட் அடிக்கவும் அது போதும்.

பெட்டியில் அச்சடித்த எண்களில் நம்பக்கூடியது கொஞ்சம்தான். 'டைனமிக் கான்ட்ராஸ்ட்' என்று கோடிக்கணக்கில் போட்டிருப்பதைத் தாண்டிப் போங்கள். இருட்டுக் காட்சி வரும்போது பேக்லைட்டையே (திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு) அணைத்து அளந்த கணக்கு அது. '1 எம்எஸ்' (ஒரு மில்லி விநாடி) என்பதற்குப் பக்கத்தில் எம்பிஆர்டி என்று இருந்தால் அது படிகம் திரும்பும் வேகம் அல்ல, பேக்லைட்டை விட்டுவிட்டு மினுக்கி மங்கலைக் குறைத்துக் காட்டும் ஏற்பாடு. நிறத்துக்கு '72 சதவீதம் என்டிஎஸ்சி' (டிவிக்கான பழைய நிற அளவுகோல்) என்றால் பரப்பளவில் கிட்டத்தட்ட முழு எஸ்ஆர்ஜிபி, அதாவது கம்ப்யூட்டருக்கான வழக்கமான நிற வரம்பு. '45 சதவீதம்' என்றால் சிவப்பு செங்கல் நிறமாகத்தான் வரும். போட்டோ, திருமண ஆல்பம் வேலைக்கு அதை வாங்கவே கூடாது.

மலைக்காரர்கள் மட்டும் பார்க்க வேண்டிய எண் ஒன்று உண்டு. விவரத்தாளின் கடைசியில் 'இயங்கும் உயரம்' என்ற வரி இருக்கும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். குன்னூரும் கோத்தகிரியும் 2,000க்குள் அடங்கிவிடும். மின் சாதனங்களின் காப்பு இடைவெளியைப் பொதுவாக 2,000 மீட்டர் வரைக்கும்தான் கணக்குப் போட்டு வைப்பார்கள். அதற்கு மேலே காற்று மெலிந்திருப்பதால் அதே இடைவெளியை மின்சாரம் சற்று எளிதாகத் தாண்டும். 3,000 மீட்டருக்கு அந்த இடைவெளி 1.14 மடங்கு வேண்டும் என்பது தரக்கணக்கு. குக்கர் இல்லாமல் இங்கே பருப்பு வேக அடம்பிடிப்பதற்கும் காரணம் அதே மெலிந்த காற்றுதான். விவரத்தாளில் 3,000 அல்லது 5,000 மீட்டர் என்று இருந்தால் பிரச்சினையே இல்லை. அடாப்டரின் முதுகில் மலை உருவமும் 2,000 மீட்டர் என்ற எழுத்தும் சேர்ந்த சின்னம் இருந்தால், அது 2,000 மீட்டருக்குக் கீழே பயன்படுத்த என்று அர்த்தம். போட்டதும் வெடித்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை. ஆனாலும் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வேறு மாடல் கிடைக்குமானால் அதையே எடுங்கள். கூடவே பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். 'ஆர்' எழுத்துக்குப் பின் எட்டு இலக்கம் இருக்கும்.

கடைசியாகக் கடைக்காரரிடம் ஒரு கேள்வி: 643ல் தொடங்கும் நீலகிரிப் பின்கோடுக்கு வீட்டுக்கு வந்து சரிபார்க்கும் சேவை உண்டா, அல்லது கோவைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? பழனி மலைத்தொடரில் இருக்கும் கொடைக்கானல்காரர்கள் இதையே 624101க்குக் கேட்டுக்கொள்ளுங்கள். விலையில் ஐந்நூறு ரூபாய் மிச்சம் பிடித்து, சர்வீசுக்கு மலை இறங்கி ஏறுவதில் அதைத் தொலைப்பவர்கள் நிறைய.

பெட்டியைப் பிரிக்கும்போது

கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்த பெட்டி நின்ற வாக்கில் வந்ததா, படுக்கையில் மேலே பாரம் ஏற்றி வந்ததா என்பதைப் பெட்டியின் மூலைகளே சொல்லிவிடும். மூலை நசுங்கியிருந்தால் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். தூக்கும்போது திரையில் விரல் படக் கூடாது. ஓரச் சட்டத்தையும் முதுகையும் பிடியுங்கள்.

உடனே மின்சாரம் கொடுக்காதீர்கள். இதில் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். வெப்பமான மேட்டுப்பாளையத்திலிருந்து குளிர்ந்த ஊட்டிக்கு வந்த பொருளின் மேல் பனி பூக்காது. குளிர்ந்த பொருள் வெப்பமான, ஈரமான காற்றுக்குள் வரும்போதுதான் பூக்கும். கூரியர் குடோனில் ராத்திரி முழுக்க 8 டிகிரியில் கிடந்த பெட்டியை, ஹீட்டர் போட்டு நாலு பேர் உட்கார்ந்திருக்கும் 20 டிகிரி அறைக்குள் பிரித்தால் என்ன ஆகும்? அறையின் ஈரப்பதம் 80 சதவீதம் என்று வையுங்கள். 16 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதன் மேலும் நீர் படியும். மூக்குக் கண்ணாடியோடு வெளியிலிருந்து சமையலறைக்குள் நுழைந்தால் மங்குமே, அதே சங்கதிதான். வித்தியாசம் என்னவென்றால், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிடலாம், சர்க்யூட் போர்டைத் துடைக்க முடியாது. பெட்டியைத் திறக்காமல், அது இருக்கப்போகும் அறையிலேயே நாலு மணி நேரம் விடுங்கள். சர்வீசுக்காக மானிட்டரைக் கோவைக்குக் கொண்டுபோனாலும் இதே கவனம் வேண்டும். ஆபத்து அங்கே இன்னும் அதிகம்.

சோதனைக்குத் தயார் செய்வது

மானிட்டரின் மெனுவில் எல்லாவற்றையும் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். டைனமிக் கான்ட்ராஸ்ட், ஈகோ மோட், நீல ஒளி குறைப்பு எல்லாம் அணைந்திருக்க வேண்டும். விண்டோஸில் ரெசல்யூஷன் பேனலின் சொந்த அளவில் இருக்கட்டும், ஸ்கேலிங் (எழுத்தைப் பெரிதாக்கும் அமைப்பு) 100 சதவீதத்தில். இது தவறினால் எழுத்து மங்கலாகத்தான் வரும், பழி பேனல் மேல் விழும்.

இணைப்புக்கு எச்டிஎம்ஐ அல்லது டிஸ்ப்ளேபோர்ட் கேபிள். விஜிஏ கேபிளில் சோதித்தால் நீங்கள் பார்க்கும் நடுக்கமும் நிழலும் கேபிளுடையதா திரையுடையதா என்று பிரிக்கவே முடியாது. எச்டிஎம்ஐயில் ஒரு பொறி உண்டு. கம்ப்யூட்டர் 16 முதல் 235 வரையிலான டிவி அளவில் நிறத்தை அனுப்பி, மானிட்டர் 0 முதல் 255 வரை எதிர்பார்த்தால் கருப்பு சாம்பலாக வெளுத்துவிடும். இது நேர்மாறாக நடந்தால் இருட்டுப் பகுதியெல்லாம் ஒரே கருங்குழியாகிவிடும். கிராஃபிக்ஸ் கார்டு அமைப்பில் 'ஃபுல்' என்று மாற்றினால் பல 'கெட்ட' மானிட்டர்கள் அங்கேயே குணமாகிவிடும்.

பிறகு ஏதாவது ஒரு வீடியோவை ஓடவிட்டு அரை மணி நேரம் விடுங்கள். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் முக்கால் மணி நேரம். பெரும்பாலான மானிட்டர்களுக்கு இயங்கும் வெப்பநிலை 0 முதல் 40 டிகிரி வரை என்று போட்டிருப்பார்கள். 2 டிகிரியிலும் ஓடும் என்பது உண்மை. ஆனால் அந்த நிலையில் தரம் பார்த்தால் தீர்ப்பு தப்பாகப் போகும்.

சோதனைப் படங்களைப் பெயிண்டிலேயே செய்துகொள்ளலாம். 1920க்கு 1080 அளவில் ஏழு படம்: முழுக் கருப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், நடுச்சாம்பல் (பெயிண்டின் நிறப் பெட்டியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் எண்ணும் 128), கரும்சாம்பல் (மூன்றும் 25). எட்டாவதாக, கருப்புப் பின்னணியில் மூன்று நிற எண்ணும் 4, 8, 12, 16, 20 என்று ஏறும் ஐந்து கட்டங்கள். முழுத்திரையில் ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

பிக்சல்

இந்த அளவுத் திரையில் 20,73,600 பிக்சல், ஒவ்வொன்றிலும் மூன்று துணைப் பிக்சல். மொத்தம் 62 லட்சத்துக்கு மேல். ஒன்றிரண்டு பழுதாவது அதிசயமல்ல. கருப்புப் படத்தில் ஒளிரும் புள்ளி, வெள்ளைப் படத்தில் கருத்த புள்ளி, நிறப் படங்களில் ஒட்டாத புள்ளி என்று தேடுங்கள். ஒரே பார்வையில் முழுத்திரையையும் மேயாதீர்கள். திரையைக் கண்ணாலேயே ஒன்பது கட்டமாகப் பிரித்துக்கொண்டு, கட்டத்துக்குப் பத்து விநாடி பாருங்கள். தூசிதானா என்று ஊதிப் பார்த்துவிட்டுப் பிறகு குறித்துக்கொள்ளுங்கள்.

தயாரிப்பாளர்கள் எத்தனை புள்ளியைப் 'பழுதல்ல' என்று ஒதுக்குவார்கள் என்பது வாரண்டித் தாளில் இருக்கும். ஐஎஸ்ஓ 13406-2 என்ற பழைய தரத்தின் இரண்டாம் வகுப்பில், பத்து லட்சம் பிக்சலுக்கு எப்போதும் ஒளிரும் புள்ளி 2, எப்போதும் இருண்டது 2, துணைப் பிக்சல் பழுது 5 வரை அனுமதி. நம் திரைக்கு அதைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். ஒற்றைப் புள்ளிக்காக வாரண்டியில் வாதாடி ஜெயிப்பது கஷ்டம். திருப்பும் கெடுவுக்குள் கொடுத்துவிடுவதுதான் சுலபம். நடுத்திரையில் ஒளிரும் ஒரு பச்சைப் புள்ளி, ஓரத்தில் இருண்ட மூன்றைவிட மோசம். பச்சைக்குத்தான் நம் கண் அதிகம் கூசும்.

கருப்புத் திரையில் தெரியும் வெளிச்சம்

அதிகம் சண்டை நடப்பதும் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இந்த இடம்தான். விளக்கை அணையுங்கள், ஜன்னல் திரையை மூடுங்கள். முழுக் கருப்புப் படத்தைப் போட்டு, பிரகாசத்தை நீங்கள் தினமும் வைக்கும் அளவில் வையுங்கள். 100ல் வைத்தால் எந்தப் பேனலும் கசியும். இரண்டு நிமிடம் கண் பழகட்டும்.

இப்போது ஐபிஎஸ் திரையின் மூலைகளில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒரு பனிமூட்டம் தெரியும். நாற்காலியில் இருந்தபடியே தலையை மெல்ல இடது பக்கம் சாயுங்கள். மூட்டமும் கூடவே நகர்ந்து ஒரு மூலையில் கூடி இன்னொன்றில் குறைகிறதா? பின்னால் இரண்டடி நகர்ந்ததும் மங்குகிறதா? அப்படியானால் அது ஐபிஎஸ் பேனலின் பிறவிக் குணம். மாற்றி வாங்கினாலும் அதேதான் வரும். தலையை எங்கே கொண்டுபோனாலும் ஒரே இடத்தில், ஓரத்திலிருந்து உள்ளே கத்தி சொருகியதுபோல் வெளிச்சம் நிற்கிறதா? அது பேக்லைட் கசிவு. சட்டம் சரியாக உட்காராததாலோ, வழியில் திருகுப்பட்டதாலோ வருவது. கசிவு நிற்கும் இடத்தில் ஓரச் சட்டத்தை விரல் நுனியால் லேசாக நீவினால் அது அசைந்து மாறும். திரையை அழுத்தாதீர்கள்.

போட்டோ எடுத்து நண்பருக்கு அனுப்பிக் கேட்பதில் பயனில்லை. போன் கேமரா இருட்டில் எல்லாவற்றையும் தூக்கிக் காட்டும்; நல்ல திரையும் தீப்பிடித்ததுபோல் தெரியும். சாதாரண அறை விளக்கில், கருப்பு அதிகமுள்ள படக்காட்சியில் அந்தக் கசிவு கண்ணில் படுகிறதா என்பதே கணக்கு.

கரும்சாம்பல், நடுச்சாம்பல் படங்களில் அழுக்குத் துணியால் துடைத்ததுபோல் திட்டுகளோ நெடுக்குப் பட்டைகளோ இருக்கின்றனவா என்று பாருங்கள். லேசான ஓரக் கருமை எல்லாத் திரையிலும் உண்டு. ஆனால் இடப்பக்கம் செம்மையாகவும் வலப்பக்கம் பச்சையாகவும் தெரிந்தால் வெள்ளைத்தாளில் வேலை செய்கிறவருக்கு அது தினசரித் தொல்லை, திருப்பிவிடுங்கள்.

கட்டங்கள் இருக்கும் எட்டாவது படத்தில் 8ம் 12ம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். 4 தெரியாவிட்டால் மன்னிக்கலாம். 16 வரை எதுவுமே தெரியவில்லை என்றால், முன்னே சொன்ன எச்டிஎம்ஐ நிற அளவு கம்ப்யூட்டரிலும் மானிட்டரிலும் ஒன்றாக இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள்.

காமாவுக்கு, அதாவது கருப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட சாம்பல்கள் எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகின்றன என்பதற்கு, தனிச் சோதனை: ஒரு பிக்சல் கருப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று மாறி மாறி வரும் கிடைக்கோடுகளை நடுவில் ஒரு கட்டமாக வரையுங்கள். இரண்டு வரியை வரைந்து, நகலெடுத்து ஒட்டி, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போனால் சில நிமிட வேலை. அதைச் சுற்றி மூன்று நிறமும் 186 ஆன சாம்பலை நிரப்புங்கள். இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்த்தால், காமா 2.2ல் சரியாக இருக்கும் மானிட்டரில் கோட்டுக்கட்டம் சாம்பலோடு கலந்து கரைந்துவிடும். கட்டம் பளிச்சென்று தனித்துத் தெரிந்தால் காமா அதிகம், படம் இருண்டு விழும். மங்கித் தெரிந்தால் காமா குறைவு, படம் வெளுக்கும். மெனுவில் காமாவை மாற்றியும் சரியாகவில்லை என்றால் போட்டோ வேலைக்கு அந்த மானிட்டர் ஆகாது.

அசைவும் மினுக்கமும்

சாம்பல் பின்னணியில் கருப்பு எழுத்துள்ள பக்கத்தை மெதுவாக உருட்டுங்கள். எழுத்துக்குப் பின்னால் இருண்ட வால் வந்தால் படிகம் மெதுவாகத் திரும்புகிறது. வெளிர் விளிம்பு வந்தால் ஓவர்டிரைவ் (படிகத்தை விரட்டித் திருப்பும் மெனு அமைப்பு) அதிகம். ஓவர்டிரைவைக் காலைக் குளிரில் உச்சத்தில் வைத்துவிட்டு 'ஆகா' என்பவர்கள், மதியம் திரை சூடேறியதும் எழுத்துகளுக்கு வெள்ளைக் கரை கட்டியதைப் பார்த்து குழம்புவார்கள். சூடேறிய பிறகு நடு அளவில் வையுங்கள், அதோடு விட்டுவிடுங்கள்.

மினுக்கத்துக்கு: அறையை இருட்டாக்கி, வெள்ளைத் திரைக்கு முன் ஒரு பென்சிலை விசிறிபோல் வேகமாக ஆட்டுங்கள். வழுவழுவென்று ஒரே மங்கலாகத் தெரிந்தால் நல்லது. தனித்தனிப் பென்சிலாகப் பத்துப் பன்னிரண்டு தெரிந்தால் பேக்லைட் எரிந்து அணைந்து எரிகிறது. பிரகாசம் 100ல் ஒரு தடவை, 20ல் ஒரு தடவை செய்ய வேண்டும். பல மானிட்டர்கள் குறைந்த பிரகாசத்தில்தான் மாட்டிக்கொள்ளும். மாலையில் தலைவலி என்கிறவர்கள் இந்த ஒரு சோதனையைத் தவறவிடக் கூடாது.

பிரகாசத்தை அளக்கக் கருவி வேண்டாம். திரைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை ஏ4 தாளைப் பிடித்து, திரையின் வெள்ளை அதோடு ஒத்துப்போகும்வரை குறையுங்கள். மஞ்சு இறங்கிய பகலில் ஜன்னல் முழுக்க ஒரே வெள்ளை விளக்காக மாறிவிடும், அது எந்தப் பக்கமும் நிழல் விடாது. அதனால் திரை ஜன்னலுக்கு எதிரிலும் வேண்டாம், முதுகு காட்டியும் வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும். பளபளப்பான மேற்பூச்சுள்ள திரையை மலையில் வாங்குவது கண்ணாடியை மாட்டிவைப்பதற்குச் சமம்.

ஹீட்டர், இடி, பூஞ்சணம்

ஹீட்டரோ கீசரோ 'டக்' என்று ஆன், ஆஃப் ஆகும்போது திரை ஒரு விநாடி கருத்து மீள்கிறதா? பேனலைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் எர்த் சரியில்லை, அல்லது எச்டிஎம்ஐ கேபிள் மட்டமானது. கேபிளை மாற்றி, மானிட்டரையும் ஹீட்டரையும் வேறு வேறு ப்ளக்கில் போட்டுப் பாருங்கள். மானிட்டரின் மின்தேவை 24 அங்குலத்துக்குச் சுமார் 20 வாட்தான், சின்ன யுபிஎஸ்கூட தாங்கும். கோடை மழையில் இடி தொடங்கினால் ப்ளக்கையே பிடுங்கிவிடுங்கள், நெட் கேபிளையும் சேர்த்து.

கூடலூர், தேவாலா பக்கம் ஜூனிலிருந்து செப்டம்பர் வரையிலும், குன்னூர், கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகையிலும் வாரக்கணக்கில் அணைத்து வைத்த மானிட்டர்தான் முதலில் கெடும். தினமும் ஒரு மணி நேரமாவது ஓடினால் அதன் சூடே ஈரத்தை விரட்டும். ஈரச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். முழுக்க மூடும் பிளாஸ்டிக் உறை வேண்டாம், பழைய பருத்தித் துணி போதும். ஓடி முடித்ததும் சூட்டோடு மூடவும் கூடாது. துடைக்க மைக்ரோஃபைபர் துணியும் துளித் தண்ணீரும் போதும். ஜன்னல் கண்ணாடிக்கான திரவம் மேற்பூச்சை உரித்துவிடும்.

இன்னொன்று: மழைக்கால இரவில் திரை வெளிச்சத்துக்கு வரும் பொடிப்பூச்சி சில சமயம் பேனல் அடுக்குக்குள்ளேயே புகுந்துவிடும். டெட் பிக்சல்போல இருக்கும், ஆனால் நகரும். விரலால் நசுக்கினால் அது அங்கேயே செத்து, நிரந்தரக் கரும்புள்ளியாகிவிடும், வாரண்டியிலும் வராது. மானிட்டரை அணைத்து, அறை விளக்கையும் அணைத்து, ஓரச் சட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு டார்ச்சை எரியவிட்டு வையுங்கள். பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும்.